தோள்பட்டையில் இல்லாத சிவப்பு

ஒரு பச்சைக்கிளியிலிருந்து மஞ்சளை மட்டும் உருவி எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா?

நீலம் மிஞ்சும். கிளியின் இறகில் நீலச் சாயம் என்று எதுவும் கிடையாது. இறகின் உள்ளமைப்பில் வெளிச்சம் பட்டுச் சிதறுவது நம் கண்ணுக்கு நீலமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அதோடு மஞ்சள் நிறமி சேர்ந்தால் பச்சை. அந்த மஞ்சளைத் தயாரிக்கும் மரபணு பழுதானால் பச்சை ஜோடிக்கு நீலக் குஞ்சு பிறக்கும். குஞ்சின் விலை ஏறும். வாங்கியவர் தன்னிடம் இருப்பது தனி இனம் என்று ஊரெல்லாம் சொல்வார். பிறகு ஒரு நாள் எங்கள் கிளினிக்குக்கு வருவார்.

நான் மலேசியாவில், கிள்ளானில் ஒரு பறவை கிளினிக்கில் டெக்னீஷியன். எடை பார்ப்பது, நகம் வெட்டுவது, காலில் உள்ள வளைய நம்பரைக் குறிப்பது, கடி வாங்குவது எல்லாம் என் வேலை. கூடவே ஒரு வேலை உண்டு, அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். பறவைக்கு இனம் சொல்லும் வேலை. 'இது இன்ன பறவை' என்று நான் பார்த்துச் சொல்வேன், டாக்டர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். இந்தத் துறைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு இது உதவலாம். உதவாவிட்டால் பொழுதாவது போகும்.

1. நீலம் ஒரு பெயர் இல்லை

முதல் நாள் டாக்டர் ஜெயந்தி என் முன்னால் ஒரு கூண்டை வைத்தார். அவருக்கு என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் பேசுவேன் என்று கணக்கு வைத்திருப்பவர் மாதிரி பேசுவார்.

"இது என்ன?"

"ப்ளூ பேரட், டாக்டர்."

"அது கலர். நான் பேரு கேட்டேன்."

என்னிடம் விலங்கியல் பட்டம் இருந்தது. இறுதியாண்டு ப்ராஜெக்ட் சதுப்புநில நண்டுகளைப் பற்றியது. நண்டைக் கூண்டில் போட்டு, துணியால் மூடி, எடுத்துக்கொண்டு வந்து அழுத ஆளை நான் பார்த்ததில்லை. கிளி வேறு உலகம். கிளியைக் கொண்டு வருகிறவர்களுக்கு அதன் பிறந்தநாள் தெரியும், பிடித்த பிஸ்கட் தெரியும், இனம் மட்டும் தெரியாது.

ஒரு மாதத்தில் எனக்காக ஒரு வகைப்பாடு செய்துகொண்டேன். பிறவி நீலம், பாதி நீலம், பழுது நீலம். புத்தகத்தில் தேடாதீர்கள், என் சொந்தச் சரக்கு.

பிறவி நீலம் என்றால் அந்த இனமே நீலம். பெரிய தென்னமெரிக்கக் கிளிகளான ஹயசிந்த் மக்காவ், லியர்ஸ் மக்காவ் இரண்டும் ஒரே பேரினம். ஸ்பிக்ஸ் மக்காவுக்குத் தனிப் பேரினம், துணைக்கு வேறு யாரும் இல்லை. கிளாக்கஸ் மக்காவ் என்று இன்னொன்று உண்டு. அதை வெகு காலமாக யாரும் உறுதியாகப் பார்க்கவில்லை. பட்டியலில் மட்டும் உயிரோடு இருக்கிறது. இந்த நான்கில் எதையும் நீங்கள் பாசாரில், அதாவது சந்தையில், பார்க்கப் போவதில்லை. பார்த்தால் விற்பவன் பொய் சொல்கிறான், அல்லது ஜெயிலுக்குப் போகப் போகிறான்.

பாதி நீலம் என்றால் முதுகு நீலம், வயிறு மஞ்சள். 'ப்ளூ அண்ட் கோல்டு' மக்காவ் அப்படி. பங்சார் பக்கம் வசதியான வீட்டு பால்கனிகளில் கத்திக்கொண்டிருக்கும். இது ஹயசிந்துக்கு நெருங்கிய சொந்தம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இல்லை. இது செக்கச்செவேலென்று இருக்கும் ஸ்கார்லெட் மக்காவின் பேரினம். நிறத்தை நம்பினால் குடும்பம் தப்பாகிவிடும்.

பழுது நீலம்தான் எங்களுக்குச் சோறு போடுவது. இனம் பச்சை. இந்த ஒரு பறவை மட்டும் மஞ்சள் இல்லாமல் பிறந்துவிட்டது. ரிங்நெக், க்வேக்கர், லவ்பர்ட், பட்ஜி எல்லாவற்றிலும் இந்தப் பழுது உண்டு. தொழிலில் இதை ம்யூட்டேஷன் என்பார்கள். விற்பவர்கள் அதற்கு வைக்கும் பெயர்கள் பெயிண்ட் கடை அட்டை மாதிரி இருக்கும். கோபால்ட், டர்க்காய்ஸ், வயலெட். பெயர் எவ்வளவு நீளமோ விலை அவ்வளவு.

2. ரவாங்கிலிருந்து வந்த ரகசியம்

ஒரு சனிக்கிழமை ரவாங்கிலிருந்து ஒருவர் வந்தார். ஃபேக்டரி யூனிஃபார்ம், கையில் மூடிய கேரியர். உள்ளே வந்ததும் திரும்பிப் பார்த்தார்.

"சிஸ், கதவ சாத்துங்க. வெளிய யாரும் பாக்கக் கூடாது."

சாத்தினேன்.

"ஸ்பிக்ஸ் மக்காவ். உலகத்துலயே ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கு. ஒண்ணு எங்கிட்ட."

"எங்க வாங்குனீங்க அண்ணே?"

"ஆன்லைன்ல லா. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கன்னு செல்லர் சொன்னாரு. அதான் எம் பொண்டாட்டிகிட்டகூட புறான்னு சொல்லி வெச்சிருக்கேன்."

கேரியரைத் திறந்தேன். உள்ளே நீல நிற க்வேக்கர் ஒன்று என்னைப் பார்த்துத் தலையாட்டியது. அதுகளுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

"அண்ணே, இது க்வேக்கர். பச்சை இனம், நீல ம்யூட்டேஷன். மக்காவ் இல்ல."

"குட்டியா இருக்கு, அதனால அப்டித் தெரியுது. வளரும்."

"இது முழுசா வளர்ந்த குருவிண்ணே. இதுக்கு மேல வளராது."

அவர் குனிந்து கேரியருக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அப்ப கதவ தொறந்தே வைங்க."

இதில் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. க்வேக்கர் நல்ல பறவை. அந்த ஆள் இப்போதும் நகம் வெட்ட வருகிறார், மனைவியோடு. தப்பான பெயர் எப்போதும் இப்படிச் சிரிப்போடு முடியும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் கோமளா அக்கா வந்தார்.

3. போர்டில் எழுதிய மக்காவ்

கோமளா அக்காவுக்குப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன வாழை இலைச் சாப்பாட்டுக் கடை. ஐந்து மேசை, ஒரு கல்லா. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கம்பி ஸ்டாண்டு. அதில்தான் நீலா உட்காரும். நீல உடம்பு, சிவப்பு அலகு, நீண்ட வால். உள்ளே வருகிறவர்களைப் பார்த்து "பங்குஸா, சாப்புடுறீங்களா?" என்று கேட்கும். பங்குஸ் என்றால் பார்சல். அக்காவின் குரல் அப்படியே. அக்காவைத் தவிர வேறு யார் விரல் நீட்டினாலும் கடிக்கும். அதற்காகவே ஆட்கள் விரல் நீட்டி வீடியோ எடுப்பார்கள்.

அக்காவோடு அவர் தம்பி செல்வாவும் வந்திருந்தார். லோரி ஓட்டுபவர். ஒரு நாற்காலிக்குள் அடங்காத உடம்பு, வாய்க்குள் அடங்காத நாக்கு.

"என்ன பிரச்சனைக்கா? சாப்புடலையா?"

"அது நல்லாத்தாம்மா சாப்புடுது. நான்தான் சாப்புடல." கூண்டை மேசையில் வைத்தார். "எவனோ வீடியோ போட்டுட்டான். பிரிக்பீல்ட்ஸ் கடையில அழியப் போற மக்காவ அடைச்சு வெச்சிருக்காங்கன்னு. வனவிலங்கு ஆபீஸ்ல இருந்து ஆள் வந்துட்டாங்க."

"அவங்க என்ன கேட்டாங்க?"

"மரியாதையாத்தான் கேட்டாரு. 'அக்கா, இது என்ன பறவை?'ன்னாரு. நான் போர்ட்டக் காட்டுனேன்."

"போர்டுல என்ன இருக்கு?"

அக்கா தம்பியைப் பார்த்தார். செல்வா சொன்னார்.

"'ப்ளூ மக்காவ் உணவகம்'. படத்தோட. லைட்டு வேற போட்டுருக்கு. திருடன் வீட்டு வாசல்ல 'திருடன் வீடு'ன்னு எழுதி லைட்டு போட்ட மாதிரி."

"நீ சும்மா இரு லா. வர்றவன் எல்லாம் இது மக்காவான்னு கேக்குறான். ஆமான்னேன். ரிங்நெக்னு சொன்னா எவன் போட்டோ எடுப்பான்? எனக்கு வித்தவன் ரிங்நெக்னுதான் வித்தான்மா. எனக்குத் தெரியும். சும்மா ஒரு கெத்துக்கு எழுதுனது."

அதிகாரி பறவையை அன்றே எடுத்துக்கொண்டு போகவில்லை. மாதக் கடைசிக்குள் பறவை மருத்துவரிடம் காட்டி, இது என்ன இனம் என்று கடிதம் வாங்கி வரச் சொன்னார். கடிதத்தைப் பொறுத்து முடிவு.

ரிங்நெக் என்று கடிதத்தில் இருந்தால் அக்காவுக்குப் பெரிய தொல்லை இல்லை. கிளிகளில் கிட்டத்தட்ட எல்லாமே சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. அதில் இல்லாத மிகச் சிலவற்றில் ரிங்நெக் ஒன்று. பட்டியலில் உள்ள வேறு எதுவாவது என்றால், எங்கே பிறந்தது, யார் வளர்த்தது என்று காகிதம் வேண்டும். அக்காவிடம் காகிதம் என்று எதுவும் இல்லை. காகிதம் இல்லாத பறவை கடைக்குத் திரும்பாது.

"மக்காவ் இல்லன்னு பாத்தாலே தெரியுதுக்கா" என்றேன். அது உண்மை. மக்காவுக்குக் கண்ணைச் சுற்றித் தோல் வெறுமையாக இருக்கும், அலகு வேறு மாதிரி. இந்தப் பறவையின் கழுத்தில் ஆண்களுக்கு மட்டும் வரும் மெல்லிய வெள்ளை வளையம் ஓடியது. ஆண்.

"அப்ப எழுதிக் குடு கண்ணு. கடையில கூட்டம் வர்ற நேரம்."

"அளந்துட்டு எழுதுறேன்."

4. விபூதி

அளக்க வேண்டிய காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ரிங்நெக்குக்கு ஒரு பெரிய அண்ணன் உண்டு, அலெக்ஸாண்ட்ரின். நாங்கள் அலெக்ஸ் என்போம். அதே பச்சை, அதே சிவப்பு அலகு, அதே கழுத்து வளையம். ஆனால் உடம்பு பெரிது, அலகு தடிமன், தோள்பட்டையில் கருஞ்சிவப்பாக ஒரு பட்டை. பச்சைப் பறவை என்றால் பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். தோளில் சிவப்பு இருக்கிறதா, அலெக்ஸ். இல்லையா, ரிங்நெக். ரிங்நெக் பட்டியலில் இல்லை, அலெக்ஸ் இருக்கிறது.

நீலத்தில் சிக்கல் ஆரம்பிக்கிறது. இறகுக்கு மஞ்சள் தரும் நிறமியும் சிவப்பு தரும் நிறமியும் ஒரே வகையைச் சேர்ந்தவை. ம்யூட்டேஷன் மஞ்சளைத் தூக்கும்போது தோள் சிவப்பையும் சேர்த்துத் தூக்கிவிடும். அந்த இடத்தில் சாம்பல் கலந்த வெளுப்பு மட்டும் மிஞ்சும். அடையாளமே அழிந்துபோன பறவைக்கு அடையாளக் கடிதம் எழுத வேண்டும்.

டவலால் பிடித்தேன். என் கட்டை விரலைக் கடித்தது. தராசில் வைத்தேன். ரிங்நெக்குக்கு அதிகம், அலெக்ஸுக்குக் குறைவு. இறக்கையின் நீளமும் அப்படியே இடையில் நின்றது. கொழுப்பு ஏறிய ரிங்நெக் என்று சொல்லலாம். இளைத்த அலெக்ஸ் என்றும் சொல்லலாம். கடைச் சாப்பாடு சாப்பிடும் பறவை, எடையை எப்படி நம்புவது?

விளக்கை இழுத்து இறக்கையைத் தூக்கிப் பார்த்தேன். தோள்பட்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு.

இன்னொரு பக்கம் திருப்பினேன். அங்கேயும் இருந்தது.

"அக்கா, இந்த எடம் எப்பவும் இப்டித்தான் இருக்குமா?"

கோமளா அக்கா எட்டிப் பார்த்தார். "அது விபூதிம்மா."

"என்னது?"

"காலைல கடை தொறக்கும்போது பிள்ளையார் படத்துக்கு, கல்லாவுக்கு, அப்புறம் இதுக்கு. நெத்தியில வெச்சா கடிக்குது. அதான் தோள்ல. ரெண்டு பக்கமும்."

"தெனமுமா?"

"கடைக்கு வந்த நாள்ல இருந்து."

செல்வா சிரிக்க ஆரம்பித்தார். "எங்க அக்கா ஃப்ரிட்ஜுக்கே மூணு பட்டை போடும். நல்ல வேளை நீங்க என்னைய அளக்கல."

நான் சிரிக்கவில்லை. இந்த உலகத்தில் நீல ரிங்நெக்கையும் நீல அலெக்ஸையும் பிரித்துக்காட்டும் இடம் உள்ளங்கை அகலம்கூட இல்லை. அந்த இடத்தில் போய் தினமும் சாம்பல் பூசியிருக்கிறார் இந்த அக்கா. திட்டு விபூதியா, இறகா என்று பார்த்துச் சொல்ல முடியாது. கழுவ வேண்டும்.

டாக்டர் ஜெயந்தியைக் கூப்பிட்டேன். கேட்டார், பார்த்தார். "வெதுவெதுப்பா ஸ்ப்ரே பண்ணு. காய விடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஸ்ப்ரே அடித்தேன். நீலா கத்திய கத்தலில் வெளியே காத்திருந்தவரின் காக்கட்டூக் கிளியும் சேர்ந்து கத்தியது. கீழே விரித்த துணியில் வெளுத்த நீர் சொட்டியது. அக்கா அதைப் பார்த்துவிட்டு முகம் தெளிந்தார்.

"பாத்தியா. விபூதிதான் வருது."

"காயட்டும்க்கா."

நனைந்த இறகில் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. தண்ணீர் பட்டால் நீலம் மங்கி அழுக்குச் சாம்பலாகத் தெரியும். உலர உலரத்தான் நிறம் திரும்பும். வெப்ப விளக்குக்குக் கீழே கூண்டை வைத்துவிட்டுக் காத்திருந்தோம். செல்வா ரொட்டி சானாய் வாங்கி வந்தார். அக்கா தொடவில்லை. கடையிலிருந்து போன் வந்தது. ரசம் தீர்ந்துவிட்டதாம். "தண்ணி ஊத்து" என்று சொல்லிவிட்டு வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நல்ல தண்ணிதான்" என்றார்.

முதுகு நீலமானது. வால் நீலமானது. தலை வெளிர் நீலமானது. தோள்பட்டை ஆகவில்லை. முன்பு இருந்ததைவிட மங்கல், ஆனால் இருந்தது. இரண்டு பக்கமும், ஒரே வடிவில், ஒரே அளவில். விபூதி வைக்கும் விரல் இரண்டு பக்கமும் அவ்வளவு சரியாக வைக்காது.

டாக்டர் வந்து விளக்குக்குக் கீழே பார்த்தார். அலகைப் பார்த்தார். என் அளவுகளைப் பார்த்தார்.

"ஹைப்ரிட்" என்றார்.

5. அம்மா பேர் மட்டும்

அக்காவுக்கு நான் விளக்கினேன். அலெக்ஸில் நீலம் அரிது. அதனால் வளர்க்கிறவர்கள் நீல ரிங்நெக்கையும் பச்சை அலெக்ஸையும் ஜோடி சேர்ப்பார்கள். பிறக்கும் குஞ்சு பச்சையாகவே இருக்கும், நீலத்தை உள்ளே மறைத்து வைத்திருக்கும். அதற்கு 'ஸ்பிளிட்' என்று பெயர். அதை மறுபடி நீலத்தோடு சேர்த்தால் குஞ்சுகளில் சில நீலமாக வரும். ரிங்நெக்கின் நிறம், அலெக்ஸின் உடம்பு. அண்மைக் காலமாகச் சில அறிவியல் பட்டியல்கள் இந்த இரண்டையும் வெவ்வேறு பேரினமாகவே பிரித்துவிட்டன. கிளிகளுக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. கூண்டில் சேர்த்து விட்டால் குஞ்சு பொரிக்கின்றன.

"அப்ப பாதி ரிங்நெக்தானேம்மா. பாதி போதாதா?"

"போதாதுக்கா. கிட்டத்துத் தலைமுறையில ஒண்ணு பட்டியல்ல இருந்தா, கலப்பையும் பட்டியல்ல இருக்குற மாதிரிதான் பாப்பாங்க."

செல்வா நாற்காலியை இழுத்து என் மேசைக்கு அருகே போட்டார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்குறேன். அந்த ஆபீசரு இந்த மாதிரி தண்ணி அடிச்சு, காய வெச்சு, லைட்டு புடிச்சுப் பாப்பாரா?"

"மாட்டாரு."

"அப்ப ரிங்நெக்னு எழுதுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு மட்டுந்தான? நீங்க நம்ம ஆளு."

"அண்ணே, நான் கிளிக்கு ஆளு."

"அப்ப டிஎன்ஏ டெஸ்ட் எடுப்போம் லா. சயின்ஸ் சொல்லட்டும்."

இங்கேதான் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை. இனம் கண்டுபிடிக்க வழக்கமாகச் செய்யும் மலிவான டெஸ்ட் தாய் வழியை மட்டும்தான் காட்டும். தாய் வழி ரிங்நெக் என்றால் ரிசல்ட்டில் 'ரிங்நெக்' என்று சுத்தமாக வரும். அப்பன் வழி யார் என்று அந்த டெஸ்ட்டுக்குத் தெரியாது. இதைச் சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்பே செல்வாவின் முகம் மலர்ந்துவிட்டது.

டாக்டர் வாசலில் நின்றபடி சொன்னார். "டெஸ்ட் எடுக்கலாம். ரிசல்ட் என்ன வந்தாலும் எங்க லெட்டர்ல நாங்க பாத்ததுதான் இருக்கும்."

"அப்ப ரிசல்ட்ட மட்டும் எடுத்துட்டு வேற எடத்துக்குப் போனா?"

"அது உங்க இஷ்டம்."

வேறு இடத்தில் கிடைத்துவிடும் என்று எனக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். ரிசல்ட் தாளைப் பார்த்து, பறவையைத் தொடாமல், ஒரு வரி எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். செல்வா எழுந்து சாவியை எடுத்துவிட்டார்.

"வாக்கா. வேலை முடிஞ்சுது."

கோமளா அக்கா எழவில்லை. கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், உம் பையனுக்கு பர்த் சர்டிபிகேட் எடுத்தப்ப என்ன பண்ண?"

"அது எதுக்கு இப்ப?"

"கல்யாணம் பதியல. யார் கேக்கப் போறான்னு அம்மா பேர் மட்டும் போட்ட. அவளுக்கும் ஐசி அட்டை இல்ல. அப்புறம் அந்தப் புள்ளைக்கு ஸ்கூல்ல இடம் கேட்டு எத்தன ஆபீஸ் ஏறுன?"

செல்வா சாவியை மேசையில் வைத்தார். 

"இன்னைக்கு ஒரு பேப்பர் வாங்கிட்டுப் போயிடலாம். எங் கடை தெருமேல இருக்கு. தெனமும் நூறு பேரு போட்டோ எடுப்பான். இன்னொருத்தன் தோளப் பாத்துட்டு இன்னொரு வீடியோ போடுவான். அப்ப வந்தா கேக்க மாட்டாங்க, தூக்கிட்டுப் போயிடுவாங்க." என்னைப் பார்த்தார். "மனுசனுக்கே இங்க அப்பன் ஆத்தா பேப்பரக் கேக்குறான். கிளிக்குக் கேக்க மாட்டானா? உள்ளத எழுதும்மா."

"எழுதுனா திரும்பக் கெடைக்காமப் போகலாம்க்கா."

"தெரியுது. எழுது."

எழுதினேன். நீல ம்யூட்டேஷன், ரிங்நெக், அலெக்ஸாண்ட்ரின் கலப்பினம், ஆண், மனிதர் வளர்ப்பில் பிறந்ததற்கான எல்லா அறிகுறிகளும் உள்ளன, நல்ல ஆரோக்கியம். கடைசி இரண்டையும் டாக்டர் சேர்க்கச் சொன்னார். காட்டிலிருந்து பிடித்ததில்லை என்பது அதிகாரி பார்வையில் பெரிய வித்தியாசம்.

அக்கா கடிதத்தை வாங்கிப் படித்தார். ஆங்கிலம். மெதுவாக ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார்.

"இதுல எங்கயும் மக்காவ்னு இல்லையே?"

"இல்லக்கா."

"சரி" என்றார்.

6. அதற்குப் பிறகு

போர்டை மறுநாளே இறக்கிவிட்டார்கள். அதிகாரி கடிதத்தைப் படித்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்தார். நல்ல மனிதர். இப்படி விவரமாக எழுதிய கடிதத்தை அடிக்கடி பார்ப்பதில்லை என்றார். அதற்காக விதி மாறவில்லை. விற்றவர் யார், நீலாவைப் பெற்ற பறவைகளுக்குக் காகிதம் உண்டா என்று தெரிய வேண்டும். தெரியும் வரை பறவை கடையில் இருக்கக் கூடாது. தங்கள் இடத்தில் கூண்டு காலியில்லை, கிளினிக்கில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். டாக்டர் சரி என்றார், நீலா எங்கள் இரண்டாவது அறைக்கு வந்தது.

செல்வா லோரியில் போகும் வழியெல்லாம் விற்றவனைத் தேடினார். பத்துமலைப் பக்கம் ஒரு வீட்டில் பிடித்தார். அந்த ஆள் நீலாவைப் பெற்ற ஜோடியை வேறொருவரிடம் வாங்கினேன் என்கிறான். அந்த வேறொருவர் இப்போது பறவைத் தொழிலில் இல்லை, கேக் செய்து விற்கிறார். போனை எடுப்பதில்லை. செல்வா அவரிடம் பிறந்தநாள் கேக் ஆர்டர் செய்துவிட்டு, வாங்கப் போகிற சாக்கில் கேட்கலாம் என்று திட்டம் போட்டிருக்கிறார். "கேக்கு நல்லா இருந்தா கோவம் கொறையும்" என்றார். திட்டம் மோசமில்லை.

கோமளா அக்கா மதியக் கூட்டம் முடிந்து ரயிலேறி வருகிறார். அரை மணி நேரம் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். கடையில் விரல் நீட்டி வீடியோ எடுத்த கூட்டம் குறைந்துவிட்டது, சாப்பிடுகிற கூட்டம் அப்படியேதான் இருக்கிறது என்று சொன்னார். அதில் அவருக்குக் கொஞ்சம் ஆச்சரியம். நீலாவை எப்போது தருவார்கள் என்று மட்டும் கேட்பதில்லை. 

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நிறம் என்ன என்பது கண்ணுள்ள யாரும் சொல்லிவிடும் விஷயம். நீங்கள் சொல்ல வேண்டியது இனம். இனத்தைப் பறவையிடம் பாதிதான் கேட்க முடியும், மீதியை அதன் அப்பன் ஆத்தாவிடம்தான் கேட்க வேண்டும். வாங்கும் அன்று அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள். கூண்டு வீட்டுக்கு வந்த பிறகு கேட்டால், பதில் வரும்வரை பறவை எங்கள் இரண்டாவது அறையில் இருக்கும்.

இன்று காலை கூண்டைச் சுத்தம் செய்யும்போது தட்டில் நீல இறகுகள் கிடந்தன. உதிர்ந்தவை இல்லை. ஆளைப் பிரிந்த கிளி செய்வது போல, நீலா தன் நெஞ்சிலிருந்து தானே பிடுங்கிப் போட்டிருக்கிறது.